கதவில்லாத ஜீப்: ராங்லரின் கதவைக் கழற்றிவிட்டு ஓட்ட நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

கொலராடோவில் ஒன்பது வருடமாக ஜீப் ராங்லர் ஓட்டுகிறேன். முதலில் பழைய ஜேகே, இப்போது நான்கு கதவு ஜேஎல் (இரண்டும் ராங்லரின் தலைமுறைகளுக்கு வைத்த பெயர்). வெயில் காலம் தொடங்கினால் போதும், புதிதாக ஜீப் வாங்கிய நம் ஆட்களில் யாராவது ஃபோன் செய்து "கதவைக் கழற்றிட்டு ஓட்டலாமா, போலீஸ் பிடிக்குமா, திரும்ப மாட்டத் தெரியணுமே" என்று ஆரம்பிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் மொத்தமாக எழுதி வைத்துவிடுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. சொந்த வண்டியில் செய்து பார்த்து, சில தடவை நன்றாகவே சொதப்பித் தெரிந்துகொண்டதுதான் எல்லாம்.

அதென்ன, கார் கதவைப் போய்க் கழற்றுவது?

ஜீப்புக்குக் கதவு பின்னால் வந்து சேர்ந்ததுதான், கதவில்லாமல் இருப்பதுதான் அதன் பிறவிக் கோலம். 1940-ல் அமெரிக்க ராணுவம் சின்னதாக ஒரு வேவு வண்டி வேண்டும் என்று கேட்டபோது, எடை 1,300 பவுண்டுக்குள் இருக்க வேண்டும் என்றது. அந்த எடைக்குள் யாராலும் செய்ய முடியவில்லை, ராணுவமே பிறகு தளர்த்திக்கொண்டது, ஆனாலும் கதவு வைக்கும் அளவுக்குத் தாராளம் காட்டவில்லை. 1941 முதல் வந்த வில்லிஸ் எம்பி என்ற ராணுவ ஜீப்பில் ஏறும் இடத்தின் குறுக்கே ஒரு கித்தான் பட்டை மாட்டியிருக்கும், அவ்வளவுதான். குண்டு விழுந்தால் உடனே குதித்து ஓட அதுதான் வசதியும்கூட.

போருக்குப் பிறகு விவசாயிகளுக்கும் பொதுமக்களுக்கும் விற்ற சிஜே வரிசை, 1987 மாடலாக வந்த முதல் ராங்லர், இப்போதைய ஜேஎல் வரை அந்தப் பழக்கம் தொடர்கிறது. அதாவது கழற்றுவதற்கென்றே செய்த கதவு இது. ராங்லருக்குள் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்: ஜன்னல் இறக்கும் பொத்தான் கதவில் இருக்காது, டாஷ்போர்டு நடுவில் இருக்கும். ஸ்பீக்கரும் கதவில் இல்லை, முன்பலகையிலும் தலைக்கு மேலே உள்ள கம்பியிலும் இருக்கிறது. வாங்கிய புதிதில் "என்னடா இது, ஜன்னல் பொத்தானைத் தேட வேண்டியிருக்கிறதே" என்று எரிச்சலாக இருந்தது. முதல் தடவை கதவைக் கழற்றிய அன்றுதான் காரணம் உறைத்தது.

போலீஸ் பிடிக்குமா? சட்டப்படி சரியா?

இதில் மூன்று விஷயம் கலந்து கிடக்கிறது, பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, வண்டி தயாரிப்பவருக்கான விதி. கதவுப் பூட்டு, கீல் எல்லாம் எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும் என்று சொல்லும் கூட்டாட்சிப் பாதுகாப்பு விதி 206, கதவில்லாமல் ஓட்டுவதற்கென்று தயாரான வண்டிகளில் எளிதாக மாட்டிக் கழற்றும் கதவுகளுக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. ராங்லர் இப்படி விற்கப்படுவதே அந்த வழியில்தான்.

இரண்டாவது, சாலையில் ஓட்டுபவருக்கான விதி. இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். "கதவு இருந்தே ஆக வேண்டும்" என்பதைவிட "பின்னால் பார்க்கக் கண்ணாடி இருக்கிறதா" என்பதுதான் பெரும்பாலும் மாட்டிவிடும் இடம். ராங்லரில் பக்கக் கண்ணாடி கதவோடு ஒட்டியது, கதவு போனால் அதுவும் போச்சு. கொலராடோவில் பின்னால் 200 அடி தூரம் தெளிவாகத் தெரியும்படி கண்ணாடி இருக்க வேண்டும் என்கிறது சட்டம். கலிஃபோர்னியாவில் பதிவான வண்டிக்கு இரண்டு கண்ணாடியாவது வேண்டும், அதில் ஒன்று வண்டியின் இடது பக்கம் இருந்தே ஆக வேண்டும். அதனால் பக்கத்து மாநிலத்துக்கு டிரிப் போகிறவர்கள் உங்கள் ஊர் விதியை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள், போகிற ஊர் விதியையும் ஒரு முறை படியுங்கள்.

மூன்றாவதை யாரும் படிப்பதில்லை. ஜீப்போடு வரும் கையேட்டிலேயே, கதவைக் கழற்றிவிட்டுப் பொதுச் சாலையில் ஓட்டாதே, இந்த வசதி மண்பாதைக்கு மட்டும்தான் என்று எச்சரிக்கை போட்டிருக்கிறது. விளம்பரத்தில் வேறு மாதிரி காட்டுவார்கள், அது வேறு கதை. சட்டம் தடுக்காத இடத்திலும் தயாரிப்பாளர் "நான் அப்போதே சொன்னேன்" என்று கையைக் கழுவிக்கொள்ள முடியும் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

கண்ணாடிக்கு என்ன வழி?

கதவுக் கீல் இருந்த இடத்தில் செருகுகிற மாதிரி தனியாகக் கண்ணாடி விற்கிறார்கள். வட்டமாக, சதுரமாக, மடக்குகிற மாதிரி என்று பல விதம். இவற்றில் விலை குறைந்தவை எல்லாமே நடுங்கும். 40 மைல் வேகம் தாண்டினால் பின்னால் வருவது லாரியா பைக்கா என்றே தெரியாது, ஏதோ ஒன்று நெளிகிறது என்று மட்டும் தெரியும். நான் முதலில் வாங்கிய ஜோடி அப்படித்தான், இரண்டு மாதத்தில் தூக்கிப் போட்டேன். கொஞ்சம் கனமாக, தாங்கும் கம்பி குட்டையாக இருக்கும் கண்ணாடியாகப் பார்த்து வாங்குங்கள். வலது பக்கத்துக்கும் சேர்த்து வாங்குங்கள். இடது மட்டும் போதும் என்று சட்டம் சொன்னாலும் லேன் மாறும்போது கழுத்து வலிக்கும்.

கழற்றுவது எப்படி? கடைக்குப் போக வேண்டுமா?

வேண்டாம். வீட்டு வாசலிலேயே ஆகிற வேலை. ஜேகே, ஜேஎல் இரண்டுக்கும் டி-50 டார்க்ஸ் பிட் (நட்சத்திர வடிவத் திருப்புளி முனை) வேண்டும், ஜேஎல்-லில் வண்டியோடு வரும் டூல் பையிலேயே இருக்கிறது. நான்கு கதவுக்கும் முதல் தடவை ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன், இப்போது அரை மணி நேரம்கூட ஆவதில்லை.

ஜேஎல்-லுக்கு நான் செய்யும் வரிசை இது. முதலில் ஜன்னல் கண்ணாடியை முழுக்கக் கீழே இறக்கிவிட வேண்டும், பக்கக் கண்ணாடியை மடக்கிவிட வேண்டும். பிறகு மேல் கீல், கீழ்க் கீல் இரண்டிலும் இருக்கும் திருகைக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டு பிட்டைப் பாதி மட்டும் செருகித் திருகினால் திருகின் தலை வழுவழுவென்று தேய்ந்துவிடும், அப்புறம் அதை எடுப்பது பெரும்பாடு. பிட் முழுக்க உள்ளே இறங்கியதா என்று பார்த்து, நேராக அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள். அடுத்து டாஷ்போர்டுக்குக் கீழே, கதவு ஓரமாக ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைத் திறந்தால் கதவுக்குப் போகிற வயரின் கனெக்டர் தெரியும். சிவப்பு லாக்கை இழுத்து, நெம்புகோலைத் தூக்கினால் கழன்று வந்துவிடும். கடைசியாக, கதவை அளவுக்கு மேல் திறக்கவிடாமல் பிடித்திருக்கும் தடுப்பின் போல்ட்டை எடுக்க வேண்டும்.

இந்த வரிசையில் தடுப்பைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. தடுப்பு போய்விட்டால் கதவு தறிகெட்டு முன்னால் சுழலும், காற்று ஒரு தள்ளு தள்ளினால் போதும், பாடியில் போய் இடிக்கும். அதை எடுத்த நிமிடத்திலிருந்து ஒரு கை கதவில் இருக்க வேண்டும். பிறகு நேராக மேலே தூக்கினால் கீலிலிருந்து விட்டு வந்துவிடும். சாய்த்துத் தூக்காதீர்கள், கீலைச் சுற்றிப் பெயின்ட் உரிந்து போகும், அப்படி உரிந்த இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும்.

தனியாகச் செய்யலாமா என்று கேட்பார்கள். ஜேஎல் கதவு அலுமினியம், பழைய ஜேகே-யின் இரும்புக் கதவைவிட லேசு. இருந்தாலும் முன்கதவு 20 கிலோவுக்கு மேல் வரும், அதைவிட முக்கியம் அது பிடிக்கத் தோதான பொருள் இல்லை. இன்னொரு ஆள் இருந்தால் நல்லது. என் நண்பர் ஒருவர் தனியாகத் தூக்கினார், தூக்கியதெல்லாம் சரிதான், ஆனால் வயரைக் கழற்ற மறந்துவிட்டார். கதவு கையில், வயர் வண்டியில், நடுவில் அவர். கீழே வைக்கவும் முடியாமல் திரும்ப மாட்டவும் முடியாமல் மனைவி பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு நின்றாராம். கனெக்டர் தப்பித்தது அவர் அதிர்ஷ்டம்.

கழற்றிய கதவை எங்கே வைப்பது?

இதுதான் நிஜமான பிரச்சினை, வாங்குவதற்கு முன்னால் யாரும் யோசிப்பதில்லை. அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் நான்கு கதவையும் வீட்டு ஹாலில் சோபாவுக்குப் பின்னால் சாத்தி வைத்ததைப் பார்த்திருக்கிறேன். கராஜ் இருந்தால் சுவரில் மாட்டும் கொக்கியோ சக்கரம் வைத்த ஸ்டாண்டோ வாங்கிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் பழைய போர்வையை விரித்து, கதவை நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள். ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் பெயின்டில் கோடு விழுவது நிச்சயம். கனெக்டர் முனையில் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள், தூசி போகாது. கழற்றிய திருகுகளை எந்தக் கதவு என்று எழுதிய தனித்தனிப் பையில் போட வேண்டும், இதைச் சோம்பல்பட்டு விட்டவன் சொல்கிறேன்.

ட்ரெயில் (மண், பாறைப் பாதை) வரைக்கும் கதவோடு போய், அங்கே கழற்றலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ராங்லருக்குள் நான்கு கதவை வைத்தால் ஆள் உட்கார இடம் இருக்காது. இந்த ஒரு விஷயத்தில் ஃபோர்டு ப்ராங்கோக்காரர்களைப் பார்த்துப் பொறாமைதான். 2021-ல் திரும்பி வந்த ப்ராங்கோவில் கதவில் ஜன்னலைச் சுற்றிச் சட்டகம் கிடையாது, நான்கு கதவு மாடலில் கதவுகளை உறையில் போட்டு வண்டியின் பின்னாலேயே வைத்துக்கொள்ளலாம், பக்கக் கண்ணாடியும் கதவில் இல்லாமல் பாடியிலேயே இருக்கிறது. ஜீப்காரனாக இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அவர்கள் யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

ஆபத்து இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள்.

ஆபத்துதான். எவ்வளவு, எங்கே என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கதவு இல்லாவிட்டால் ஆள் வெளியே விழுந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் முதலில் பயப்படுகிறார்கள். உங்களை உள்ளே பிடித்து வைத்திருப்பது கதவு அல்ல, சீட் பெல்ட். பெல்ட் ஒழுங்காகப் போட்டு, இடுப்புப் பட்டை இறுக்கமாக இருந்தால் வளைவில் சரிந்து விழ மாட்டீர்கள். ஆனால் கதவு இருக்கும்போது பெல்ட் போட மறந்தாலும் ஒரு தடுப்பு இருந்தது, இப்போது அது இல்லை. அதனால் என் வண்டியில் பின்சீட்டுக்காரர் உட்பட எல்லோரும் பெல்ட் போட்ட பிறகுதான் கியர் போடுவேன். பார்க்கிங்கிலிருந்து எடுத்து எதிர்ப்பக்கம் விடுவதாக இருந்தாலும் சரி.

கதவு நிஜமாகச் செய்கிற வேலை இரண்டு. ஒன்று, பக்கத்திலிருந்து இன்னொரு வண்டி வந்து மோதினால் தாங்குவது, அதற்குத்தான் கதவுக்குள் குறுக்காக உத்திரம் வைக்கிறார்கள். கதவு இல்லையென்றால் வருகிற பம்பருக்கும் உங்கள் இடுப்புக்கும் நடுவில் காற்றுதான். இரண்டாவது, வண்டி கவிழும்போது கை, கால், தலை வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது. ராங்லர் உயரமான வண்டி, கவிழ்வது என்பது அதற்கு வெறும் கற்பனை இல்லை. ஐஐஎச்எஸ் என்கிற அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு 2019 மாடல் நான்கு கதவு ராங்லரை, முன்பக்கத்தின் ஓட்டுநர் ஓரம் மட்டும் தடுப்பில் மோதுகிற மாதிரி 40 மைல் வேகத்தில் விட்டுப் பார்த்தது. மோதிய வண்டி அப்படியே வலது பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டது. அந்த வண்டியில் பக்கவாட்டுத் திரை ஏர்பேக் கிடையாது, 2024 மாடலில்தான் அது வந்தது.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் என் கணக்கு எளிது. வேகம் அதிகமாகவும் மற்ற வண்டிகள் நிறையவும் இருக்கிற இடத்தில் கதவு வேண்டும். 5 மைல் வேகத்தில் பாறை ஏறுகிற இடத்தில் கதவு இல்லாதது பரவாயில்லை, சில நேரம் உபகாரமும்கூட. நம்மில் பலர் நேர்மாறாகச் செய்கிறோம், கதவைக் கழற்றிவிட்டு மால் பார்க்கிங்குக்கும் ஃப்ரீவேக்கும் போகிறோம், மலைக்குப் போகும்போது தூசி வரும் என்று மாட்டிக்கொள்கிறோம்.

பாறைப் பாதையில் என்ன உபகாரம்?

டயர் தெரியும்! சாதாரணமாக ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தால் முன்டயர் எங்கே மிதிக்கிறது என்பது ஒரு யூகம்தான். கதவு இல்லாவிட்டால் லேசாகத் தலையைச் சாய்த்தால் போதும், இடது முன்டயர் எந்தக் கல்லின் மேல் ஏறுகிறது, பின்டயர் எந்த விளிம்பை ஒட்டி வருகிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

யூட்டாவில் மோவாப் என்று ஓர் ஊர் இருக்கிறது, ஜீப்காரர்களுக்குப் பழனி மாதிரி. 1967-ல் தொடங்கிய ஜீப் சஃபாரி ஈஸ்டரை ஒட்டி அங்கேதான் நடக்கிறது. ஊருக்குப் பக்கத்தில் சாண்ட் ஃபிளாட்ஸ் பகுதியில் ஹெல்ஸ் ரிவெஞ்ச் என்ற பாதை, மீன் முதுகு மாதிரி எழும்பி நிற்கும் மணற்பாறைகளின் மேலேயே வண்டியை ஓட்ட வேண்டும். இரண்டு பக்கமும் சரிவு. ஏறும்போது முன்கண்ணாடியில் வானம் மட்டும்தான் தெரியும், பாதை தெரியாது. அங்கே முதல் தடவை கதவோடு போனபோது மனைவி இறங்கி நடந்தே வந்தார். அடுத்த வருடம் கதவில்லாமல் போனோம். பக்கவாட்டில் பாறை விளிம்பு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்ததும் பயம் பாதியாகிவிட்டது, மனைவி கடைசிவரை உட்கார்ந்தே வந்தார். அந்த மணற்பாறையில் டயர் நன்றாகப் பிடிக்கும், அதைப் பார்த்து நம்புவதற்குத்தான் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

முன்னால் நின்று கை காட்டுகிறவரோடு பேசுவதும் எளிது. "இன்னும் இடது, இன்னும் கொஞ்சம், நிறுத்து" என்பது காதில் விழும். பக்கத்துப் பாறையில் பாடி உரசினால் அந்தச் சத்தமும் உடனே கேட்கும். அதோடு, நெருக்கமான இடத்தில் நசுங்கிப் போகக் கதவே இல்லை என்பதில் ஒரு நிம்மதி.

ஒரே ஒரு பழக்கம் வேண்டும். எட்டிப் பார்க்கிறேன் என்று உடம்பை வெளியே நீட்டக் கூடாது. வண்டி சாயும்போது கையை வெளியே ஊன்றத் தோன்றும், சைக்கிளில் விழப் போகும்போது காலை ஊன்றுகிற மாதிரி அது தானாக வருகிற அனிச்சை. இரண்டு டன் வண்டியைக் கை தாங்காது. பக்கத்தில் இருப்பவரிடம் கிளம்புவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்: சாய்ந்தால் உள்ளே இருக்கும் கைப்பிடியைப் பிடி, வெளியே எதையும் நீட்டாதே.

காலை வெளியே தொங்கப் போடலாமா? கீலில் மாட்டும், கால் வைக்கும் கட்டை விற்கிறார்களே?

விற்கிறார்கள். நிற்கும் வண்டியில் ஃபோட்டோ எடுக்க நன்றாக இருக்கும். ஓடும் வண்டியில் வேண்டாம்.

ஃப்ரீவேயில் எப்படி இருக்கும்?

முதல் பத்து நிமிடம் சொர்க்கம். அப்புறம் சத்தம். 65 மைல் வேகத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடியாது, பாட்டு கேட்காது, லாரி கடந்து போனால் ஓர் அறை அறைந்த மாதிரி இருக்கும். முன்சீட்டைவிடப் பின்சீட்டில்தான் காற்று மோசம், முடியை நீளமாக வைத்திருப்பவர்களைப் பின்னால் உட்கார வைத்தால் டிரிப் முடியும்போது உறவு மிஞ்சாது. முன்னால் போகிற வண்டி எறிகிற சின்னக் கல் காலில் வந்து படும். ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் காதில் பஞ்சு மாதிரி ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஆம்புலன்ஸ் சைரன் கேட்கிற அளவுக்கு. இடது கையும் இடது தொடையும் கருகும், சன் ஸ்க்ரீன் போடாமல் போய்த் தொடையில் அரைக்கால் டிரவுசர் கோடு இரண்டு மாதம் இருந்தது.

ஆள் இல்லாத சீட்டின் பெல்ட்டையும் பூட்டி வையுங்கள். இல்லாவிட்டால் காற்றில் வெளியே போய்ப் பாடியில் சாட்டை மாதிரி அடித்துக்கொண்டே வரும்.

பொருட்கள் பறக்குமா, திருடு போகுமா?

இரண்டும் நடக்கும். தொப்பி, பில், டிஷ்யூ, பார்க்கிங் சீட்டு, காலிப் பொட்டலம் எல்லாம் போகும். என் ஃபோன் தொடையில் இருந்து வழுக்கி ஓர் இடது திருப்பத்தில் ரோட்டுக்குப் போனது, பின்னால் வந்த பிக்கப் அதன் மேல் ஏறியதைக் கண்ணாடியில் பார்த்தேன், அந்தக் கண்ணாடி நன்றாகத் தெரிகிற ஜோடி என்பது மட்டும் ஆறுதல். இப்போது ஃபோன் ஸ்டாண்டில் இருக்கும், இல்லையென்றால் ஜிப் வைத்த பாக்கெட்டில். நிறுத்திவிட்டுப் போகும்போது பூட்ட முடிகிற இடம் நடு கன்சோலும் முன்பெட்டியும் மட்டும்தான், அதில் அடங்காத எதையும் வண்டியில் விட்டுப் போகாதீர்கள். வண்டியின் காகிதங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மழை வந்தால்?

நனைவீர்கள். வண்டிக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்காதீர்கள், கொஞ்சம் ஆகும். தரையில் கார்பெட்டுக்குக் கீழே தண்ணீர் வடியும் அடைப்பான்கள் இருக்கின்றன, அதைத் திறந்துவிட்டால் தண்ணீர் போய்விடும், ஆனால் கார்பெட்டை எடுத்துக் காயப் போடாவிட்டால் ஒரு வாரத்தில் நாறும். கோடையில் நிறையப் பேர் கார்பெட்டையே எடுத்துவிட்டு ரப்பர் விரிப்புப் போடுவது அதனால்தான்.

கொலராடோ மலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. ஜூலை, ஆகஸ்டில் காலை பளிச்சென்று இருக்கும், மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு கொட்டும். யூரே ஊரிலிருந்து டெல்லுரைடு போகும் இமோஜீன் கணவாய் 13,114 அடி உயரம். கீழே டி-ஷர்ட்டில் கிளம்பி மேலே ஆலங்கட்டி மழையில் கதவில்லாமல் உட்கார்ந்திருந்தவன் நான், ஒரு தார்ப்பாயை மடியில் போட்டுக்கொண்டு, பல் தந்தியடிக்க இறங்கி வந்தேன். சீக்கிரம் கிளம்பி மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். மழை இல்லாவிட்டாலும் ஜாக்கெட் வேண்டும்.

ஆற்றைக் கடப்பது பற்றியும் கேட்பார்கள். எவ்வளவு ஆழம் போகலாம் என்று ஜீப் சொல்லும் 30 அங்குலக் கணக்கு வண்டி தாங்கும் ஆழம். உங்கள் ஷூ தாங்கும் ஆழம் அதைவிட மிகக் குறைவு, வண்டியின் உள்தரைக்கு மேல் வந்தால் தண்ணீர் நேராக உள்ளே வந்து உட்காரும்.

குழந்தைகளையும் நாயையும் கூட்டிப் போகலாமா?

என் கருத்து கேட்டால், குழந்தை இருக்கிற நாளில் பின்கதவு இரண்டும் வண்டியில் இருக்க வேண்டும். முன்கதவை மட்டும் கழற்றினால் போதும், அதுவும் மெதுவான பாதையில். கார் சீட் ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் கல்லும் தூசியும் காற்றும் முகத்தில் அடிக்கும், அதைச் சொல்லத் தெரியாத வயதில் அழ மட்டும்தான் தெரியும். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் கையை வெளியே நீட்டுவார்கள், நூறு தடவை சொன்னாலும் நீட்டுவார்கள்.

நாய்க்கு உடம்போடு சேர்த்து மாட்டும் வார் வேண்டும், கழுத்துப் பட்டையில் கட்டாதீர்கள், குதித்தால் தொங்கிவிடும்.

பாதிக் கதவு, ட்யூப் கதவு எல்லாம் எதற்கு?

முழுக்கத் திறந்திருப்பது பயமாக இருப்பவர்களுக்கு. பாதிக் கதவு இடுப்பு வரை வரும் நிஜக் கதவு, மேலே ஜன்னல் பகுதியைத் தனியாக எடுத்துவிடலாம், ஜீப்பே இப்படி ஒன்றை விற்கிறது, விலைதான் மூச்சு முட்டும். ட்யூப் கதவு என்பது வளைத்த குழாய்ச் சட்டம், நடுவில் ஒன்றும் இருக்காது. அதைப் பக்கவாட்டு மோதலைத் தாங்கும் கதவு என்று நினைக்காதீர்கள். கை வைக்க ஒரு இடம், பை உருண்டு போகாமல் ஒரு தடுப்பு, கண்ணாடி மாட்ட ஒரு கம்பி, அவ்வளவுதான். எனக்கு அது பிடிக்கும், கண்ணாடி நடுங்காது என்பதற்காகவே.

உள்விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறதே?

கதவு திறந்திருப்பதாக வண்டி நினைக்கிறது. டாஷ்போர்டு டிம்மரை அடி வரைக்கும் இறக்கினால் அணைந்துவிடும். ராத்திரி ஒரு தடவை போய்ப் பாருங்கள், காலையில் பேட்டரி இறங்கிக் கிடப்பதைவிட அது மேல்.

இந்தியாவில் என் மஹிந்திரா தாரின் கதவைக் கழற்றலாமா?

வேண்டாம். நமக்குக் கதவில்லாத ஜீப் புதிதில்லை. பழைய மஹிந்திரா ஜீப்புகள் பல கித்தான் கூரையோடு கதவில்லாமல்தான் ஊரெல்லாம் ஓடின, சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பில் குலுங்கிக்கொண்டே ஏறியவர்களுக்கு அந்த ருசி தெரியும். ஆனால் 2020-ல் வந்த தார் கதவோடு ஓட்டுவதற்கென்று வடிவமைத்த வண்டி. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியதும் கதவோடுதான். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பார்க்கப் போவது அதைத்தான்.

நீங்கள் கோடை முழுக்கக் கதவில்லாமல்தான் ஓட்டுகிறீர்களா?

முதல் இரண்டு வருடம் அப்படித்தான். மே மாதம் கழற்றினால் செப்டம்பரில்தான் மாட்டுவேன், ஆஃபீஸுக்கும் அப்படியே போவேன். ஒருநாள் சிக்னலில் நிற்கும்போது இடது பக்கம் ஒரு கார் கட்டுப்பாடு இழந்து வழுக்கி வந்து, என் முழங்காலுக்கு இரண்டடி தள்ளி நின்றது. அந்த ஓட்டுநரின் முகம் இவ்வளவு பக்கத்தில் தெரிந்தது. அன்றைக்கு சாயங்காலமே மாட்டினேன். இப்போது மலைக்குப் போகிற வாரக்கடைசியில் மட்டும் கழற்றுகிறேன், அதுவும் ட்ரெயில் பக்கத்து ஊரில் இரண்டு மூன்று நாள் தங்குவதாக இருந்தால். நண்பரின் பிக்கப் கூட வந்தால் கதவுகள் அதில் ஏறி வரும், தங்கும் அறையில் இறங்கும்.

திரும்ப மாட்டும்போது என்ன கவனிக்க வேண்டும்?

கழற்றியதைவிட மாட்டுவது கொஞ்சம் கஷ்டம். மேல் கீலின் முளை, கீழ்க் கீலின் முளை இரண்டும் ஒரே சமயத்தில் துளையில் இறங்க வேண்டும், கதவோ கையில் ஆடும். ஒருவர் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் குனிந்து பார்த்து "முன்னால, முன்னால, இறக்கு" என்று சொன்னால் இரண்டாவது முயற்சியில் உட்கார்ந்துவிடும். முளையில் ஒரு சொட்டு கிரீஸ் தடவுங்கள். உட்கார்ந்ததும் முதல் வேலையாகத் தடுப்பை மாட்டிவிடுங்கள், பிறகு வயர், கடைசியில் கீல் திருகு. திருகை அசுர பலத்தோடு முறுக்க வேண்டாம், கதவின் எடையைத் தாங்குவது முளைதான், திருகு கதவு மேலே எழும்பாமல் இருக்க மட்டும்தான். ஜன்னல் ஏறி இறங்குகிறதா, பூட்டு வேலை செய்கிறதா, பக்கக் கண்ணாடி பொத்தானுக்கு அசைகிறதா என்று பார்த்துவிட்டால் முடிந்தது.

வேலை முடிந்து பையில் ஒரு திருகு மிஞ்சினால், பின் வலது கதவின் கீழ்க் கீலில் பாருங்கள். எனக்கு எப்போதும் அங்கேதான்.